தடுக்க வேண்டியவரைத் தடுக்கிறதா உங்கள் பூட்டு?
ஜமாஅத் பதிவேடுகளும் தரவுத்தளச் சான்றிதழ்களும்

செஞ்சிக் கோட்டையை முகலாயத் தளபதி ஸுல்ஃபிகார் கான் 1690-இல் முற்றுகையிட்டார். கோட்டை அவர் கைக்கு வந்து சேர்ந்தது 1698-இல். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. குன்றுகளும் மதில்களும் மாறவில்லை. ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் உள்ள ஆழமான பிளவும் அப்படியேதான் இருந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தக் கோட்டையும், அதற்குள் நிற்கும் சஅதத்துல்லா கான் பள்ளிவாசலும் நம் பகுதி மக்களுக்குப் பழகியவை. அந்தக் கோட்டை சொல்லும் பாடம் ஒன்று இன்றைய கணினிகளுக்கும் பொருந்தும். மதில் எவ்வளவு உயரம் என்று அளந்து பார்த்தால் மட்டும் பாதுகாப்பு தெரிந்துவிடாது. வராதே என்று சொல்லப்பட்டவர் வந்து கதவைத் தட்டும்போது அந்தக் கதவு என்ன செய்கிறது என்பதில்தான் அது தெரியும்.

செஞ்சி போன்ற சிற்றூர்களில்கூட ஜமாஅத் பதிவேடுகள் மெல்ல மெல்லக் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தக் கணினிகளில் இருக்கும் பூட்டை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பதிவேட்டில் இருப்பது யாருடைய பொருள்?

ஒரு மஹல்லாவின் பதிவேட்டில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிக்காஹ் விவரங்கள் இருக்கும். தலாக், குலா தொடர்பான எழுத்துக்கள் இருக்கும். பைத்துல் மாலிலிருந்து உதவி பெறும் விதவைகளின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். மருத்துவ உதவி கேட்டு வந்தவரின் நோய் விவரம் இருக்கும். கடன் பட்டவர் யார், எவ்வளவு என்பதும் இருக்கும்.

முன்பு இவை தடித்த நோட்டுப் புத்தகங்களாகப் பள்ளிவாசல் அலுவலகத்தின் இரும்பு பீரோவில் இருந்தன. பீரோவைத் திறக்க அலுவலகத்துக்குள் வர வேண்டும். இன்று அதே விவரங்கள் வேறு ஊரில், வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு சர்வரில் தரவுத்தளமாக இருக்கின்றன. அலுவலகக் கணினியிலிருந்து அந்தச் சர்வருக்கு இணையம் வழியாகப் போய் வருகின்றன. வக்ஃபு சொத்து விவரங்களைப் பதிவேற்ற மத்திய அரசு 2025 ஜூன் 6-ஆம் தேதி உம்மீத் தளத்தைத் தொடங்கிய பிறகு, கணினியைத் தொடாமல் இருந்த நிர்வாகங்களும் அதன் பக்கம் திரும்ப வேண்டிய நிலை வந்தது.

இந்த விவரங்கள் கெட்டவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நம் சமுதாயத்துக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்களின் படங்களை வைத்து அவர்களை ஏலம் விடுவதுபோல் இழிவு செய்த செயலிகளை நாடே பார்த்தது. அந்தப் படங்கள் பொதுவெளியிலிருந்து எடுக்கப்பட்டவை. பொதுவெளிக்கு ஒருபோதும் வரக்கூடாத விவரங்கள் நம் பதிவேடுகளில் இருக்கின்றன.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. பிறர் நம்மை நம்பிச் சொன்ன விவரமும் அமானிதம்தான். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறரது விவரங்களை வைத்திருப்பவரை நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற பொருள்படும் பெயராலேயே அழைக்கிறது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது.

உறை ஒட்டியிருக்கிறது, யாரிடம் கொடுத்தீர்கள்?

இணையத்தில் போகும் விவரத்தை நடுவில் இருப்பவர் படித்துவிடாமல் இருக்க, அதை மறையாக்கம் செய்து அனுப்புகிறார்கள். இதற்கான முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். எஸ்எஸ்எல் என்ற பழைய பெயரும் இன்னும் வழக்கில் இருக்கிறது. வங்கித் தளத்துக்குப் போகும்போது முகவரிக்கு முன்னால் ஹெச்டிடிபிஎஸ் என்று பார்க்கிறோமே, அதன் பின்னால் இருப்பதும் இதுவே. தரவுத்தள மென்பொருள்களான போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ஆகியவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு.

டிஎல்எஸ் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பேச்சை மறைப்பது. இன்னொன்று, எதிரில் பேசுபவர் யார் என்று உறுதி செய்வது. பலர் முதல் வேலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு கடிதத்தை உறையிலிட்டு நன்றாக ஒட்டி, தபால்காரர் உடையில் வந்த ஒருவரிடம் கொடுக்கிறோம். உறையை வழியில் யாரும் பிரிக்கவில்லை. ஆனால் வாங்கியவர் தபால்காரரே இல்லை என்றால் ஒட்டிய பசையால் என்ன பயன்? கணினியிலும் இப்படி நடக்கும். அலுவலகக் கணினிக்கும் சர்வருக்கும் நடுவில் ஒருவர் புகுந்து, ‘நான்தான் சர்வர்’ என்று சொன்னால், நம் கணினி அவரோடு மிக ரகசியமாக, நல்ல மறையாக்கத்தோடு பேசத் தொடங்கிவிடும். அவர் அதைப் படித்துவிட்டு உண்மையான சர்வருக்கு அனுப்பிவைப்பார். இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியாது. இதைத் தடுப்பதற்கே சான்றிதழ்.

முத்திரையும் அறிவிப்பாளர் தொடரும்

சான்றிதழ் என்ற கருத்து நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் ரோமர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்து அதில் தம் பெயரையும் தூதுத்துவத்தையும் பொறித்துக்கொண்டார்கள். அதே வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

சர்வரிடம் இருக்கும் தனித் திறவுகோல் அந்த மோதிரத்தைப் போன்றது. அது ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். அதன் முத்திரையை அடையாளம் காண உதவும் பொதுத் திறவுகோலையும் சர்வரின் பெயரையும் சேர்த்து, நம்பத்தகுந்த மூன்றாவது ஒருவர் கையெழுத்திட்டுத் தருவது சான்றிதழ். கையெழுத்திடுபவருக்குச் சான்றிதழ் ஆணையம் என்று பெயர். அந்த ஆணையத்துக்கு இன்னொரு ஆணையம் சான்று தரும். அப்படியே மேலே போய் மூலச் சான்றிதழில் முடியும்.

ஹதீஸ் கலையில் ஸனது என்னும் அறிவிப்பாளர் தொடரை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், ஒருவர் நம்பகமற்றவராக இருந்தாலும், வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அறிஞர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. மார்க்கத்தின் அந்த உயர்ந்த கலையையும் கணினியையும் சமமாக வைக்கவில்லை. ‘யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது’ என்று விசாரிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதை இங்கேயும் கைக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த ஒப்புமை.

இந்தியாவில் நடந்தது

தொடரில் ஒரு கண்ணி கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2014 ஜூலை 2-ஆம் தேதி, தன் தளங்களின் பெயரில் தனக்குத் தெரியாமல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை கூகுள் கண்டறிந்தது. அவற்றை வழங்கியது மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம். அந்த மையத்துக்குச் சான்று கொடுத்திருந்தது இந்தியச் சான்றளிப்பு ஆணையங்களின் கட்டுப்பாட்டு அலுவலகம். அந்த அலுவலகத்தின் மூலச் சான்றிதழோ மைக்ரோசாஃப்டின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தது. ஆகவே விண்டோஸில் இயங்கும் பெரும்பாலான மென்பொருள்கள் அந்தப் போலிச் சான்றிதழ்களை ஏற்கும் நிலையில் இருந்தன. சொந்தப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தப்பித்தது.

மறுநாளே அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. சான்றிதழ் வழங்கும் நடைமுறைக்குள் யாரோ ஊடுருவியதால் தவறாக வெளியானவை நான்கு மட்டுமே என்று கட்டுப்பாட்டு அலுவலகம் தெரிவித்தது. மூன்று கூகுளின் பெயரிலும் ஒன்று யாஹூவின் பெயரிலும் இருந்தன. ஆனால் அந்த நான்கில் சேராத வேறு சான்றிதழ்களும் தன் கவனத்துக்கு வந்திருப்பதாகக் கூறிய கூகுள், பாதிப்பின் முழு அளவு தெரியவில்லை என்று அறிவித்தது. அதன்பின் இந்திய மூலச் சான்றிதழைத் தன் குரோம் உலாவியில் ஏழு இணையப் பெயர்களுக்குள் மட்டும் செல்லும்படி கட்டுப்படுத்தியது.

மூன்றாண்டுகளுக்கு முன் நெதர்லாந்தின் டிஜிநோட்டர் என்ற ஆணையத்திலும் இதுபோன்ற ஊடுருவல் நடந்தது. அங்கிருந்து எடுக்கப்பட்ட போலிச் சான்றிதழைக் கொண்டு ஈரான் மக்களின் ஜிமெயில் வேவு பார்க்கப்பட்டது. 2011 செப்டம்பரில் அந்நிறுவனம் திவாலானது.

தரவுத்தளம் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. உலகில் உள்ள எல்லா ஆணையங்களையும் நம்ப வேண்டிய தேவை இணைய உலாவிக்கு உண்டு. ஜமாஅத் அலுவலகக் கணினிக்கு இல்லை. அது பேச வேண்டியது ஒரே ஒரு சர்வரோடு. எனவே அந்தச் சர்வருக்கென்று சொந்தமாக ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி, அதை மட்டும் நம்பும்படி மென்பொருளை அமைக்கலாம். அப்படிச் செய்தால் வேறு எந்த ஆணையத்தில் என்ன தவறு நடந்தாலும் அது இந்த இணைப்பைத் தொடாது.

முன்னிருப்பு அமைப்பில் உள்ள ஓட்டை

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணையும்போது பாதுகாப்பின் அளவை ஆறு நிலைகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் ‘பிரிஃபர்’ என்ற நிலை அமையும். மறையாக்கம் கிடைத்தால் பயன்படுத்து, கிடைக்காவிட்டால் மறைக்காமலே பேசு என்பது அதன் பொருள். யாரும் எச்சரிக்கை தரமாட்டார்கள்.

அதற்கு அடுத்தது ‘ரிக்வயர்’. பெயரைப் பார்த்ததும் இது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மறையாக்கம் கட்டாயம் என்பது மட்டுமே இதன் வேலை. மூலச் சான்றிதழ் கோப்பைக் கொடுக்காவிட்டால் எதிரில் இருப்பவர் யார் என்று இது கேட்காது. காலாவதியான சான்றிதழையும், யாரோ வீட்டில் உட்கார்ந்து தயாரித்த சான்றிதழையும் ஏற்றுக்கொள்ளும்.

‘வெரிஃபை-சிஏ’ என்ற நிலை, கையெழுத்திட்டவர் யார் என்று பார்க்கும். ‘வெரிஃபை-ஃபுல்’ என்ற நிலைதான் அதோடு சான்றிதழில் உள்ள பெயரும் நாம் தேடி வந்த சர்வரின் பெயரும் ஒன்றா என்று ஒப்பிடும். அமானிதத்துக்கு ஏற்ற நிலை இதுவே.

மைஎஸ்க்யூஎல்லிலும் இதே கதைதான். 5.7 பதிப்பு முதல் சர்வர் தொடங்கும்போது தானாகவே சான்றிதழ்களை உருவாக்கிக்கொள்ள முடிகிறது. மறையாக்கமும் நடக்கிறது. ஆனால் இணையும் பக்கத்தில் ‘வெரிஃபை ஐடென்டிட்டி’ என்று கேட்காவிட்டால் பெயர் சரிபார்க்கப்படுவதில்லை. தானாக உருவான அந்தச் சான்றிதழ்களில் சர்வரின் பெயர் இருக்காது என்பதால், அவற்றைக் கொண்டு அந்தச் சரிபார்ப்பைச் செய்யவும் முடியாது.

சர்வர் பக்கத்திலும் கதவு உண்டு. போஸ்ட்கிரெஸின் அனுமதிக் கோப்பில் ‘ஹோஸ்ட்’ என்று எழுதினால் மறைத்த இணைப்பும் மறைக்காத இணைப்பும் உள்ளே வரும். ‘ஹோஸ்ட்எஸ்எஸ்எல்’ என்று எழுதினால் மறைத்தது மட்டுமே வரும். நான்கு எழுத்துக்கூட இல்லாத வித்தியாசம்.

தோற்க வேண்டியது தோற்கிறதா?

மென்பொருள் அமைத்துத் தருபவர் வழக்கமாகச் செய்யும் சோதனை ஒன்றுதான். இணைத்துப் பார்ப்பார், இணையும். ‘எல்லாம் சரியாக இருக்கிறது பாய்’ என்று சொல்லிவிட்டுப் போவார். இது சாவி பூட்டைத் திறக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. வேறு சாவி போட்டால் திறக்காது என்பதை யார் காட்டுவது?

பின்வரும் சோதனைகளைச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் இணைப்பு மறுக்கப்பட்டால்தான் வெற்றி.

1. மறையாக்கம் வேண்டாம் என்று சொல்லி இணைந்து பாருங்கள். சர்வர் மறுக்க வேண்டும்.

2. வேறொரு மூலச் சான்றிதழைக் கொடுத்து இணைந்து பாருங்கள். இது நம்மவர் கையெழுத்தல்ல என்று மென்பொருள் நிற்க வேண்டும்.

3. சர்வரின் பெயருக்குப் பதிலாக, சான்றிதழில் இல்லாத வேறு பெயரால் அதே சர்வரை அழையுங்கள். பெயர் பொருந்தவில்லை என்று மறுக்க வேண்டும். பெரும்பாலான அமைப்புகள் தவறுவது இங்கேதான்.

4. காலாவதியான ஒரு சோதனைச் சான்றிதழைச் சர்வரில் வைத்துப் பாருங்கள். மறுக்க வேண்டும்.

5. ரத்து செய்யப்பட்ட சான்றிதழை வைத்துப் பாருங்கள். ரத்துப் பட்டியலைக் கொடுத்திருந்தால் மட்டுமே போஸ்ட்கிரெஸ் இதைக் கண்டுபிடிக்கும். பட்டியல் இல்லாவிட்டால் வெரிஃபை-ஃபுல் நிலையிலும் அது உள்ளே வந்துவிடும்.

நான்காவது, ஐந்தாவது சோதனைகளை நடைமுறைச் சர்வரில் செய்யாமல், தனியாக ஒரு சோதனைச் சர்வரில் செய்வது நல்லது.

போஸ்ட்கிரெஸை உருவாக்குபவர்களே இப்படித்தான் சோதிக்கிறார்கள். அதன் மூல நிரலோடு எஸ்எஸ்எல்லுக்கென்று தனிச் சோதனைத் தொகுப்பு ஒன்று வருகிறது. சரியான சான்றிதழ், பெயரே இல்லாத சான்றிதழ், வேறு பெயர் கொண்டது, ரத்தானது என்று பலவகைச் சான்றிதழ்களை அதில் வைத்திருக்கிறார்கள். ஏற்க வேண்டியதை ஏற்கிறதா என்பதோடு, மறுக்க வேண்டியதை மறுக்கிறதா, சரியான காரணத்தைச் சொல்லி மறுக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். காரணம் முக்கியம். கடவுச்சொல் தவறு என்பதால் மறுத்திருந்தால், சான்றிதழைப் பார்த்தே மறுத்தது என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. போஸ்ட்கிரெஸின் பொதுவான சோதனைகளை இயக்கும்போது இந்த எஸ்எஸ்எல் தொகுப்பு தானாக ஓடாது. பலர் பயன்படுத்தும் கணினியில் இதை ஓட்டுவது பாதுகாப்பல்ல என்பதால், வேண்டும் என்று தனியாகக் கேட்டால் மட்டுமே ஓடும். ஆகவே ‘எல்லாச் சோதனையிலும் தேர்ச்சி’ என்ற வரியைப் பார்த்து மறையாக்கமும் சோதிக்கப்பட்டது என்று எண்ணிவிட முடியாது. நடத்தாத பரீட்சையில் யாரும் தோற்பதில்லை. எந்த அறிக்கை கையில் வந்தாலும், எத்தனை தேர்ச்சி என்பதோடு எவை நடத்தப்படவே இல்லை என்றும் கேட்க வேண்டும்.

நாள் முடிந்த சான்றிதழ்

சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு நெடுங்காலம் 90 நாள் ஆயுளோடு வழங்கி வந்தது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று படிப்படியாகக் குறைக்க ஆணையங்களும் உலாவி நிறுவனங்களும் 2025-இல் முடிவு செய்துள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை கையால் மாற்றிக்கொள்ளலாம் என்ற வழக்கம் இனி நடக்காது.

காலாவதியான அன்று அலுவலகத்தில் மென்பொருள் திறக்காது. ரமளானின் கடைசிப் பத்தில், ஃபித்ரா பட்டியல் எடுக்க வேண்டிய இரவில் இது நடந்தால் என்ன ஆகும்? அவசரத்தில் யாராவது சரிபார்ப்பையே நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார். வேலை நடந்துவிடும். நிறுத்தியதைத் திரும்பப் போட எவருக்கும் நினைவிருக்காது. பல பூட்டுகள் திறந்தே கிடப்பது இப்படித்தான்.

இன்னொரு வழக்கமான சிக்கலும் உண்டு. புதிய சான்றிதழ் கோப்பு சர்வரில் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் தரவுத்தளம் பழையதையே நினைவில் வைத்திருக்கும். அமைப்புகளை மீண்டும் படிக்கச் சொன்ன பிறகே அது புதியதை எடுத்துக்கொள்ளும். எனவே கோப்பில் என்ன தேதி என்று பார்ப்பதோடு நிற்காமல், இணையும்போது சர்வர் எந்தச் சான்றிதழைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முடிவதற்கு மூன்று வாரம் முன்பே நினைவூட்டல் வரும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

நிர்வாகிகள் கேட்க வேண்டியவை

முத்தவல்லிக்கோ செயலாளருக்கோ கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டடம் கட்டத் தெரியாதவரும் கொத்தனாரிடம் கேள்வி கேட்கிறோம் அல்லவா? மென்பொருள் அமைத்துத் தருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

தரவுத்தளம் அலுவலகக் கணினிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளேயே இருந்தால் இங்கே சொன்ன ஆபத்து குறைவு. வெளியே என்றால், இணைப்பு வெரிஃபை-ஃபுல் அல்லது அதற்கு இணையான நிலையில் இருக்கிறதா? மறையாக்கம் இல்லாமல் இணைந்தால் மறுக்கிறதா, எங்கள் கண்ணெதிரே செய்து காட்ட முடியுமா? தனித் திறவுகோல் எந்தக் கணினியில் இருக்கிறது, யார் யார் அதைப் படிக்க முடியும்? சான்றிதழ் எந்தத் தேதியில் முடிகிறது, அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

பதில்களை எழுதி வாங்கி, தேதியிட்டு ஜமாஅத் கோப்பில் வையுங்கள். ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை நடக்கும்போது இந்தச் சோதனைகளையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

டிஎல்எஸ் போகும் வழியை மட்டுமே காக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், எல்லோருக்கும் ஒரே கணக்கு, வாட்ஸ்அப்பில் சுற்றும் எக்செல் பட்டியல் ஆகியவற்றை எந்தச் சான்றிதழாலும் காக்க முடியாது. அவற்றைச் சரிசெய்வது தனி வேலை. அதற்காக இதை விட்டுவிடவும் கூடாது.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத் (49:6) நமக்குக் கற்றுத் தருகிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை வரக்கூடாது என்பதே அதன் நோக்கம். உதவி கேட்டு வந்த ஒரு விதவை, தன் பெயரையும் கைபேசி எண்ணையும் வறுமையையும் நம்மை நம்பிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த விவரம் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, அந்தக் கதவு யாரைத் தடுக்கிறது என்று விசாரித்து வைப்பது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை.

அமானிதங்களைப் பேணி நடப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.